கேம் மேல பூட்டு விழுந்து கெடக்கா? கன்சோலோட வெளிநாடு வந்த குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு

நம்ம ஊர்ல இருந்து மஸ்கட், துபாய், தோஹான்னு வந்து இறங்குறவங்கள்ல சிலர் பிளேஸ்டேஷனைத் துணிக்கு நடுவுல சுத்திக் கொண்டு வாறாங்க. சிலர் அதைத் தக்கலையிலயோ கருங்கல்லயோ தம்பிக்கு விட்டுட்டு இங்க புதுசு வாங்குறாங்க. ரெண்டு பேருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான்: காசு குடுத்து வாங்குன கேம் மேல ஏன் பூட்டுப் படம்?

கேம் இருக்கது கன்சோலுக்குள்ள. அதை ஓட்டுற லைசென்ஸ் இருக்கது அக்கவுண்ட்ல. அந்த அக்கவுண்ட் எந்தக் கன்சோலைத் தன்னோட வீடுன்னு குறிச்சு வெச்சிருக்கோ, அதுல மட்டும் நெட் இல்லாமலும் கேம் திறக்கும், அதே கன்சோல்ல இருக்க மத்த யூசர் பேர்லயும் திறக்கும். வேற கன்சோல்னா வாங்குன அக்கவுண்ட்ல நுழைஞ்சு, நெட்டோட விளையாடணும். 2025 பிப்ரவரியில பிளேஸ்டேஷன் நெட்வொர்க் ஒரு நாள் முழுக்கப் படுத்துச்சே, அப்போ வீட்டுக் கன்சோல் குறிக்காதவங்களுக்குத்தான் டிஜிட்டல் கேம் எல்லாம் பூட்டிக்கிச்சு.

பூட்டைப் பாத்ததும் கேமை அழிச்சுட்டு மறுபடி இறக்காதீங்க. 80, 100 ஜிபி டேட்டா போகும், பூட்டு அப்படியே நிக்கும். மொதல்ல பிஎஸ்5-ல செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்ஷன் ஸ்டேட்டஸ் போய் டெஸ்ட் இன்டர்நெட் கனெக்ஷனை அழுத்துங்க. வர்ற பட்டியல்ல ரெண்டு வரியைப் பாருங்க. இன்டர்நெட் கனெக்ஷன் சரின்னும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் சைன்-இன் தோல்வின்னும் காட்டுனா, ஒண்ணு அங்க சர்வர் கோளாறு, இல்ல உங்க வைஃபை அதை அடைக்குது. கம்பெனி கேம்ப்லயும் ஹோட்டல்லயும் ரூம் நம்பரோ பாஸ்வேர்டோ கேக்குற பக்கம் ஒண்ணு வருமே, சில நேரம் கன்சோல் அதைத் தாண்ட முடியாம நிக்கும். போன் ஹாட்ஸ்பாட்ல இணைச்சுப் பாருங்க. லைசென்ஸ் சரிபார்க்க ரொம்பக் கொஞ்ச டேட்டாதான் ஆகும். அப்படியே சிஸ்டம், டேட் அண்டு டைம் போய் தானா செட் ஆகுற மாதிரி வெச்சிருங்க.

நெட் சரின்னா அடுத்தது செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்டு அக்கவுண்ட்ஸ், அதர், ரீஸ்டோர் லைசென்சஸ். பிஎஸ்4-னா செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், ரீஸ்டோர் லைசென்சஸ். இதைக் கேம் வாங்குன அக்கவுண்ட்ல நுழைஞ்சுதான் செய்யணும், தம்பி அக்கவுண்ட்ல நின்னு அழுத்துனா ஒண்ணும் நடக்காது. முடிஞ்சதும் கன்சோலை ரெஸ்ட் மோடுல போடாம, ரீஸ்டார்ட் குடுங்க.

இதுக்கும் போகலைன்னா அது காசு குடுத்து வாங்குன கேம்தானா, பிளேஸ்டேஷன் பிளஸ்ங்கிற சந்தாவுல வந்த கேமான்னு பாருங்க. பிளஸ்ல வந்ததுன்னா சப்ஸ்கிரிப்ஷன் முடிஞ்ச அன்னைக்கே பூட்டும், ரீஸ்டோர் ஆயிரம் தடவை அழுத்துனாலும் திறக்காது. யூசர்ஸ் அண்டு அக்கவுண்ட்ஸ், அக்கவுண்ட், பேமென்ட் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்ல தேதியைப் பாருங்க. முடிஞ்சு போயிருந்தா காரணம் அனேகமா நம்ம ஊர் கார்டு. 2021 அக்டோபர் 1-ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, தானா பணம் எடுக்கதுக்கு முன்கூட்டியே ஓடிபி போட்டு ஒப்புதல் பதிஞ்சிருக்கணும். பதியாத கார்டுல ஆட்டோ ரின்யூவல் சத்தமில்லாம தோத்துப் போகும். கையால கட்டப் போனா ஓடிபி ஊர் நம்பருக்கு வரும், அந்த சிம் ரீசார்ஜ் இல்லாம அலமாரியில கெடக்கும். ஊர் சிம்மை உயிரோட வெச்சிருக்கது பேங்குக்கும் சேத்துத்தான்.

இங்க உள்ள கார்டைப் போட்டுப் பாத்தேன், ஏத்துக்கலைன்னு கேக்காதீங்க. பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் தொடங்கும்போது எந்த நாடு குடுத்தமோ அதுதான் ஸ்டோர். அக்கவுண்ட் இந்தியா, கார்டு முகவரி ஓமன்னா பொருந்தாது. விபிஎன் போட்டாலும் ஸ்டோர் மாறாது, ஏன்னா அது பாக்குறது அக்கவுண்டை, நீங்க இருக்க இடத்தை இல்லை. அதனால இந்திய அக்கவுண்டுக்கு ரூபாய் கிஃப்ட் கார்டு வாங்கி, 12 எழுத்துக் கோடைப் போட்டு வாலட்ல ஏத்துறதுதான் தலைவலி இல்லாத வழி. ஊர்ல இருக்கவங்க கோடை வாங்கி வாட்ஸாப்ல அனுப்புனாப் போதும்.

கார்டு வாங்கும்போது ஏமாறுற இடம் ஒண்ணு இருக்கு. அமீரகம், ஓமன் ஸ்டோர்கள்ல விலை எல்லாம் அமெரிக்க டாலர்ல இருக்கும். அதைப் பாத்து அமெரிக்க டாலர் கார்டை வாங்கிருதாங்க. அது அமெரிக்க அக்கவுண்டுக்கு மட்டும்தான். டாலர்னு பாக்காதீங்க, கார்டுல எழுதியிருக்க நாட்டுப் பேரைப் பாருங்க. அமீரகக் கார்டு ஓமன் அக்கவுண்ட்லயும் ஏறாது.

இனிமே இங்கதான்னு முடிவு பண்ணுனவங்க என்ன செய்யலாம்னா, பழைய இந்திய அக்கவுண்டை அப்படியே விட்டுட்டு, இருக்க நாட்டுல புதுசா ஒண்ணு தொடங்கி பிளஸ்ஸை அதுல எடுங்க. புது அக்கவுண்டுக்கு அந்தக் கன்சோல்ல செட்டிங்ஸ், யூசர்ஸ் அண்டு அக்கவுண்ட்ஸ், அதர் போய் கன்சோல் ஷேரிங் அண்டு ஆஃப்லைன் ப்ளேயை எனேபிள் பண்ணுங்க, வீடுன்னு குறிக்கது இதுதான், பழைய அக்கவுண்டுக்கும் பண்ணுங்க. ஒரே கன்சோலை எத்தனை அக்கவுண்ட் வேணும்னாலும் வீடுன்னு குறிச்சுக்கிடலாம். இப்போ பழைய அக்கவுண்ட்ல நின்னு, அதுல வாங்குன கேமை, புது அக்கவுண்டோட பிளஸ்ல ஆன்லைன்ல விளையாடலாம். கிளவுட் சேவ், அதாவது விளையாடுன கணக்கை நெட்ல சேமிக்கது மட்டும் பிளஸ் கட்டுன அக்கவுண்டுக்குத்தான், மத்தவங்களுக்குப் பகிராது. லண்டன் பக்கம் போறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். இந்திய அக்கவுண்ட்ல பிளஸ்ஸோட மேல் தட்டு டீலக்ஸ்தான், கிளவுட் ஸ்ட்ரீமிங் உள்ள பிரீமியம் கிடையாது.

டிஸ்க் விஷயம். கேம் டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு இல்லை, ஊர்ல வாங்குனது இங்க ஓடும். ஆனா டிஎல்சி, அதாவது கேமுக்குக் கூடுதலா ஸ்டோர்ல வாங்குற பகுதி, டிஸ்க்கோட பதிப்புக்குப் பொருந்தணும். கவர்ல உள்ள வயசு முத்திரையைப் பாருங்க. ஈஎஸ்ஆர்பி முத்திரை இருந்தா அமெரிக்கப் பதிப்பு, எண் போட்ட பெகி முத்திரைன்னா ஐரோப்பியப் பதிப்பு. நம்ம ஊர்க் கடையில வர்றது பெரும்பாலும் பெகி. பொருந்தலைன்னா டிஎல்சி இறங்கும், பிழையும் காட்டாது, கேமுக்குள்ள போனா இருக்காது. பாதிப் பேர் இதை லைசென்ஸ் கோளாறுன்னு நெனச்சு ரெண்டு நாள் மண்டையை உடைக்காங்க. வாங்குறதுக்கு முன்ன டிஸ்க் கவரோட முதுகுல உள்ள எண்ணை, பிஎஸ்5-னா பிபிஎஸ்ஏ, பிஎஸ்4-னா சியுஎஸ்ஏன்னு தொடங்குறதை, ஒப்பிட்டுக்கிடுங்க. சினிமா ப்ளூரே வேற கதை, அதுக்கு வட்டாரப் பூட்டு உண்டு: இந்தியா சி, வளைகுடா பி. ஊர்ல வாங்குன பட டிஸ்க் துபாய் கன்சோல்ல ஓடலைன்னா அதுல ரிப்பேர் ஒண்ணும் இல்லை.

எக்ஸ்பாக்ஸ்காரங்களுக்கு வேலை சுளுவு. செட்டிங்ஸ், சிஸ்டம், லாங்குவேஜ் அண்டு லொகேஷன்ல நாட்டை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணலாம், ஆனா 3 மாசத்துக்கு ஒரு தடவைதான். அக்கவுண்ட்ல உள்ள பணம் கூட வராது, செலவழிச்சுட்டு மாத்துங்க. 'இந்த கேம் உங்களுடையதா'ன்னு கேட்டு நின்னா ஜெனரல், பெர்சனலைசேஷன், மை ஹோம் எக்ஸ்பாக்ஸைப் பாருங்க. அதை வருஷத்துக்கு 5 தடவை மாத்தலாம். நின்டென்டோ அக்கவுண்ட்லயும் நாட்டை மாத்தலாம், பேலன்ஸைத் தீத்துட்டு மாத்துங்க.

கேள்வி: அண்ணே, குளச்சல்ல வீட்ல உள்ள பிஎஸ்5-ல தம்பி என் கேமை அவன் பேர்ல விளையாடுவான். ஓமன்ல சலாலா வந்து புது பிஎஸ்5-ல ஷேரிங் எனேபிள் குடுத்தேன். இப்போ அவனுக்குப் பூட்டிட்டு. என்ன செய்ய?

பதில்: ஒரு அக்கவுண்டுக்கு ஒரு பிஎஸ்5-தான் வீடு மக்கா. சலாலாவுல டிசேபிள் பண்ணுங்க. தம்பி வீட்டு பிஎஸ்5-ல உங்க யூசர்ல நுழைஞ்சு எனேபிள் பண்ணட்டும். டூ-ஸ்டெப் கோடு கேக்கும், போன்ல பேசிக்கிட்டே சொல்லிக் குடுங்க. அது ஊர் சிம்முக்கு வர்ற மாதிரி இருந்தா சிம் இல்லாமலே போன்ல கோடு காட்டுற ஆதென்டிகேட்டர் ஆப்புக்கு மாத்திருங்க, பேக்கப் கோடுகளைத் தாள்ல எழுதி வெச்சுக்கிடுங்க. இனி அவன் அவன் பேர்ல விளையாடலாம், நீங்க உங்க பேர்ல நெட்டோட விளையாடலாம். வீட்ல இருக்கது பிஎஸ்4-ஆ இருந்திருந்தா இந்தச் சண்டையே வராது, பிஎஸ்4-க்கும் பிஎஸ்5-க்கும் தனித்தனிக் கணக்கு.

கேள்வி: பழைய கன்சோலை நாகர்கோவில்ல வித்துட்டேன், அதுல இருந்து என் அக்கவுண்டை எடுத்துவிடலை.

பதில்: பிளேஸ்டேஷன் இணையதளத்துல நுழைஞ்சு டிவைஸ் மேனேஜ்மென்ட்ல எல்லாத்தையும் டீஆக்டிவேட் பண்ணுங்க. 6 மாசத்துக்கு ஒரு தடவைதான் விடும், அதனால நல்லா யோசிச்சு அழுத்துங்க. பாஸ்வேர்டையும் மாத்துங்க. இனி விக்கிறவங்க கன்சோலைக் குடுக்கதுக்கு முன்ன அதுலயே டிசேபிள் பண்ணுங்க, அதுக்கு இந்தக் கெடு இல்லை. அப்புறம் ரீசெட் யுவர் கன்சோல்.

கேள்வி: புது ஓமன் அக்கவுண்ட்ல பழைய சேவ் திறக்குமாண்ணே? பென்டிரைவ்ல எடுத்துப் போட்டா?

பதில்: திறக்காது, சேவ் அக்கவுண்டோட கட்டுனது. பிஎஸ்4 கேம் சேவைப் பென்டிரைவ்ல எடுக்கலாம், ஆனா அதே அக்கவுண்ட்லதான் திறக்கும். பிஎஸ்5 கேம் சேவைப் பென்டிரைவ்ல எடுக்கவே விடாது. அதனால பாதியில உள்ள கேமைப் பழைய யூசர்லயே முடிச்சுக்கிடுங்க. இடம் அடைக்குதுன்னு அந்த யூசரைக் கன்சோல்ல இருந்து அழிச்சுடாதீங்க, அதுல உள்ள சேவும் சேந்து போயிரும்.