புது டிஎஸ்எல் லைன், 560க்கு மேல் ஏறவில்லை. அவசரம்!

தும்பி:
நண்பர்களே, அவசர உதவி. போன வாரம்தான் வீட்டு போன் கம்பியிலேயே இணையம் தரும் புது டிஎஸ்எல் லைன் வந்தது. 16 வரை வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு நாளும் 560ஐத் தாண்டவில்லை. லைன் போட வந்தவரைக் கேட்டால் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்? நாளைக்கு வேலை இருக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கால்கிலோபிட்:
560 என்றால் என்ன? கிலோபிட்டா, கிலோபைட்டா? எதில் பார்த்தீர்கள்? கேபிளிலா, வைஃபையிலா?

ஆந்தைக்கண்:
கேட்கவே வேண்டாம், வைஃபைதான். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில் இருக்கும். 1, 6, 11 மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். எனக்கு 11இல்தான் விடிவு வந்தது.

பழையமோடம்:
வாரத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வந்து நிற்கிறார். மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருக்கிறது, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. சிங்க் வேகம் (மோடம் இணைந்த வேகம்), அட்டெனுவேஷன் (கம்பியில் சிக்னல் இழப்பு), இரைச்சலைத் தாங்கும் மார்ஜின் மூன்றும் இல்லாமல் பதில் கேட்பது, நாடி பார்க்காமல் மருந்து கேட்பது மாதிரி.

தும்பி:
மன்னிக்கவும் சார். டவுன்லோட் ஆகும்போது 560 கேபி என்று வருகிறது. லேப்டாப், வைஃபை. ரவுட்டர் பக்கத்தில் இருந்த எண்கள்: 5216, 768, 31, 17, 6.1, 9.4. போதுமா?

பழையமோடம்:
எது எது என்று எழுதாமல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியிருக்கிறீர்கள்.

வெண்பலகை:
தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றிப் பார்த்தீர்களா? எனக்கு அதில்தான் சரியானது.

செம்புக்கம்பி:
தும்பி, நானே ஊகித்துப் பிரிக்கிறேன். 5216 இறங்கு வேகம், 768 ஏறு வேகம், இரண்டும் கிலோபிட். 31, 17 அட்டெனுவேஷன். 6.1, 9.4 நாய்ஸ் மார்ஜின்.

முதலில் அந்த 560. உங்கள் மோடமும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட வேகம் 5216. உங்கள் வகை டிஎஸ்எல்லான ஏடிஎஸ்எல்லில் தரவு பெரும்பாலும் 53 பைட் பொட்டலங்களாகத்தான் போகும். அதில் 5 பைட் பொட்டலத்தின் தலைப்புக்கே போய்விடும். 5216ஐ 53ஆல் வகுத்து 48ஆல் பெருக்குங்கள், 4724. அப்புறம் பிபிபிஓஇ, ஐபி, டிசிபி என்ற இணைய நெறிமுறைகள் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொண்டபின் 4500 சொச்சம் நிற்கும். 8ஆல் வகுத்தால் 560 கிலோபைட். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. வைஃபை, டிஎன்எஸ் இரண்டின் மேலும் குற்றமில்லை. லைன் கொடுப்பதை நீங்கள் மிச்சமில்லாமல் வாங்குகிறீர்கள். லைன் கொடுப்பதே இவ்வளவுதான்.

ஆனால் 31 டெசிபெல் லைன் இவ்வளவு குறைவாகக் கொடுக்கக் கூடாது. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 13.8 டெசிபெல் போகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. அதன்படி நீங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டேகால் கிலோமீட்டர் கம்பித் தூரத்தில் இருக்கிறீர்கள். ஏடிஎஸ்எல்லின் வேகமான பிந்திய வடிவமான ஏடிஎஸ்எல்2+ என்றால் 12, 13 மெகாபிட் வர வேண்டும். 16ஐ மறந்துவிடுங்கள், ‘வரை’ என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கும். எந்த முறையில் இணைந்திருக்கிறது? பழைய ஏடிஎஸ்எல் என்றால் 8 மெகாபிட்தான் அதன் கூரை.

தும்பி:
ஏடிஎஸ்எல்2+ என்றுதான் போட்டிருக்கிறது.

பழையமோடம்:
5216 கிடக்கட்டும், 6.1ஐப் பாருங்கள். மார்ஜின் 6 என்றால் நூலில் தொங்குகிறது. நல்ல லைனுக்கு 12க்கு மேல் இருக்கும். உங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டு மார்ஜினை 12 ஆக்கச் சொல்லுங்கள், வேகம் தானாக வரும்.

செம்புக்கம்பி:
இல்லை, இதைச் செய்துவிடாதீர்கள். மார்ஜின் என்பது சிக்னலின் வலு அல்ல, செலவு போக மிச்சம். மோடம் இணையும்போது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கிறது. அதில் 6 டெசிபெல்லைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் வேகமாக மாற்றிவிடுகிறது. 6 என்பது பல நிறுவனங்கள் வைக்கும் இலக்கு. எனவே வேகத்துக்கு உச்சவரம்பு போடாத லைன் நல்லதானாலும் மோசமானாலும் இணைந்தவுடன் 6 பக்கத்தில்தான் காட்டும். மாதக் கடைசியில் ஒருவர் கையில் எவ்வளவு மிச்சம் என்பதை வைத்து அவர் சம்பளத்தைச் சொல்ல முடியுமா?

12 ஆக்கினால் என்ன ஆகும்? ஏடிஎஸ்எல்2+ தன் 2.2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 512 துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் தாங்கும் அளவுக்கு பிட்களை ஏற்றுகிறது. ஒரு பிட் கூடுதலாக ஏற்ற ஏறக்குறைய 3 டெசிபெல் வேண்டும். 6 டெசிபெல்லைக் கூடுதலாக ஒதுக்கினால் துண்டுக்கு 2 பிட் போச்சு. விநாடிக்கு 4000 முறை அனுப்புகிறது, ஆக துண்டுக்கு 8 கிலோபிட். 300 துண்டு வேலை செய்தால் 2400 கிலோபிட். தும்பிக்கு இருப்பதில் பாதி காலி.

பழையமோடம்:
இணைப்பு அடிக்கடி அறுந்தால் மார்ஜினைக் கூட்டுவதுதான் வழக்கம். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

செம்புக்கம்பி:
அறுந்தால் சரி. நிலைப்புக்காக வேகத்தை விட்டுக்கொடுப்பது அது. இவர் அறுகிறது என்று சொல்லவே இல்லையே.

சொல்வேட்டை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அட்டெனுவேஷன், அட்டெனுவேஷன் என்று எத்தனை முறை? ‘மெலிவு’ என்று அழகாக எழுதலாமே.

கால்கிலோபிட்:
மெலிவு என்றால் கம்பி இளைத்துவிட்டதோ என்று தோன்றும். ‘தேய்வு’ பரவாயில்லை. தூரம் போகப் போகத் தேய்வதுதானே.

சொல்வேட்டை:
செருப்பும்தான் தேயும். சிக்னலுக்கு மெலிவுதான் சரி. மார்ஜினுக்கு ‘இரைச்சல் தாங்குமிச்சம்’.

கால்கிலோபிட்:
அதைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் அறுந்துவிடும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். மெலிவையும் மிச்சத்தையும் ‘சிக்னல் நன்றாக இருக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு அமுக்குவதால்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். லைன் போட வந்தவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னாரோ.

ஆந்தைக்கண்:
தமிழ் வளரட்டும். தும்பி, ராத்திரி ரவுட்டரை அணைத்துக் காலையில் போடுங்கள், புதிதாக இணையும்போது வேகம் கூடும்.

செம்புக்கம்பி:
புது லைனில் அது வேண்டாம். சில நிறுவனங்கள் முதல் சில நாள் லைனைத் தானியங்கியாகக் கவனித்து அமைப்பை முடிவு செய்யும். நீங்கள் அணைத்து அணைத்துப் போட்டால் லைன் நிலையில்லை என்று எடுத்துக்கொண்டு அதுவே மார்ஜினைக் கூட்டிவிடலாம்.

தும்பி, மூன்று கேள்வி. கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில் மோடத்தை மாட்டிப் பார்த்தீர்களா? வீட்டில் எத்தனை போன்? போனை எடுத்து ஒரே ஓர் எண்ணை அழுத்துங்கள், டயல் டோன் நின்று சில விநாடி அமைதியாகும். அந்த அமைதியில் உஸ்ஸென்றோ படபடவென்றோ ஏதாவது கேட்கிறதா?

தும்பி:
போன் ஒன்றுதான், அதற்கு ஃபில்டர் இருக்கிறது. எண்ணை அழுத்தினால் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம்.

கால்கிலோபிட்:
யாராவது போன் செய்தால் நெட் அறுகிறதா?

தும்பி:
ஆமாம்! நான் சொல்லவில்லையா? மணி அடித்தாலே டிஎஸ்எல் விளக்கு மினுக்க ஆரம்பித்துவிடும், ஒரு நிமிடம் கழித்துத்தான் பச்சை வரும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கால்கிலோபிட்:
சுத்தம். இதை முதல் வரியில் எழுதியிருந்தால் தமிழ் ஆராய்ச்சி வரை போயிருக்க மாட்டோம்.

செம்புக்கம்பி:
யாருக்கும் அப்படி ஆகக் கூடாது. பேச்சு 3.4 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். ஏடிஎஸ்எல் 26 கிலோஹெர்ட்ஸுக்குக் கிட்டேதான் ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று உரசாமல் பிரித்து வைப்பது அந்தச் சின்ன ஃபில்டர். மணி அடிக்கும்போது லைனில் பல பத்து வோல்ட் ஏறி இறங்கும். எங்கோ ஃபில்டர் இல்லாமல் ஒரு போன் லைனில் தொங்கினால் அந்த நேரத்தில் மோடத்தின் காது அடைத்துவிடும். மற்ற நேரத்திலும் அது சிக்னலைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

‘போன் ஒன்றுதான்’ என்பதை நான் நம்பவில்லை. சுவரில் இருக்கும் எல்லா போன் பெட்டிகளையும் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். ஃபேக்ஸ், அலாரம் பெட்டி, எதுவானாலும் கணக்கு. கம்பி மட்டும் ஓடி, முனையில் ஒன்றுமில்லாமல் நின்றாலும் தொல்லைதான். 30 மீட்டர் வெற்றுக் கிளை ஒன்று இருந்தால் 1.6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் துண்டுக்கு எத்தனை பிட் என்று காட்டும் வரைபடத்தைக் கடித்து எடுத்த மாதிரி ஒரு பள்ளம் விழும்.

வெண்பலகை:
டிஎன்எஸ் மாற்றினீர்களா இல்லையா?

செம்புக்கம்பி:
தும்பி? என்ன ஆயிற்று?

கால்கிலோபிட்:
இரண்டு நாளாயிற்று. அந்த போனைத் தேடப் போனவர் இன்னும் திரும்பவில்லை.

தும்பி:
கிடைத்துவிட்டது. மாடி அறையில், அலமாரிக்குப் பின்னால். நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே தொங்கியிருக்கிறது, ஃபில்டர் இல்லை. கழற்றிவிட்டேன். இப்போது 12640, 6.0, 31. டவுன்லோட் 1.3 மெகாபைட்டுக்கு மேல். மணி அடித்தாலும் அறுகவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கால்கிலோபிட்:
மார்ஜின் 6.1இலிருந்து 6.0 ஆகக் ‘குறைந்து’ வேகம் இரண்டு மடங்குக்கு மேல். பழையமோடம் ஐயா, பார்த்தீர்களா?

பழையமோடம்:
தேடிப் பார்க்கச் சொன்னேனே, அந்தப் பழைய இழைகளில் இதுதான் இருக்கிறது.

செம்புக்கம்பி:
தும்பி, ஒரு வாரம் கழித்து, வழியில் தரவு கெட்டதைக் காட்டும் சிஆர்சி பிழை எண்ணிக்கை எவ்வளவு என்று மட்டும் எழுதுங்கள். அது மணிக்கு மணி ஏறினால் கம்பி இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கலாம். தோசைக்கல் சத்தம் நின்றதா என்றும் சொல்லவில்லை.

ஆந்தைக்கண்:
தும்பி வரமாட்டார், வேகம் வந்துவிட்டது. நான் ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். இதைப் படித்துவிட்டு என் கைபேசியிலிருந்து வீட்டு நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். என் விளக்கும் மினுக்குகிறது. ஃபில்டர் கிடக்கிறது, மாட்டியதே இல்லை. அதில் ‘லைன்’, ‘போன்’ என்று இரண்டு துளை. மோடத்தை எதில் மாட்டுவது?

செம்புக்கம்பி:
இரண்டிலும் இல்லை. சுவரிலிருந்து வரும் கம்பி ‘லைன்’ துளையில், போன் ‘போன்’ துளையில். மோடம் ஃபில்டருக்கு முன்னால் நேராகச் சுவருக்கே போக வேண்டும். மூன்று துளை உள்ள ஸ்ப்ளிட்டர் என்றால் ‘டிஎஸ்எல்’ என்று எழுதியிருப்பதில். ‘போன்’ துளையில் மாட்டினால் எந்தச் சேனலுக்கு மாற்றினாலும் விளக்கு எரியாது.