புதுப்பிப்பு: 4 கோர் சிபியுவுக்கு லினக்ஸ் 8 காட்டுவது ஏன்?

என் ஐ7-4770-ல் இருப்பது 4 கோர்தானே, சிபியு எண்ணிக்கையைக் காட்டும் என்ப்ராக் கட்டளை 8 என்கிறதே என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

காரணம் ஹைப்பர்த்ரெட்டிங், அதாவது ஒரு கோரை லினக்ஸுக்கு இரண்டு சிபியுவாக (த்ரெட்) காட்டும் இன்டெல் வசதி. அது ஓடுகிறதா என்று பார்க்க, சிபியு விவரங்களில் வரும் 'எச்டி' ஃபிளாக்கை நம்பாதீர்கள். ஹைப்பர்த்ரெட்டிங் இல்லாத ஐ5-4570-லும் அது வரும். சிபியுஇன்ஃபோ கோப்பில் 'சிப்ளிங்ஸ்' (த்ரெட் எண்ணிக்கை), 'சிபியு கோர்ஸ்' (கோர் எண்ணிக்கை) இரண்டையும் ஒப்பிடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. முதலாவது 8, அடுத்தது 4. இரட்டிப்பாக இருந்தால் ஹைப்பர்த்ரெட்டிங் ஓடுகிறது, அவ்வளவுதான். சிபியு விவரம் தரும் எல்எஸ்சிபியு கட்டளையும் கோருக்கு 2 த்ரெட் என்றே காட்டியது.

எதிர்பாராத ஒன்று: லினக்ஸ் தரும் சிபியு எண்களில், ஒரே கோரைப் பகிரும் த்ரெட் ஜோடி 0-1 இல்லை, 0-4. வேலை எந்த சிபியுவில் ஓட வேண்டும் என்று குறிக்கும் டாஸ்க்செட் கட்டளையில் 0,4 என்று கொடுத்தால் இரண்டு கனமான வேலைகளும் ஒரே கோரில் முட்டிக்கொள்ளும். எண்கள் மெஷினுக்கு மெஷின் மாறும், 'த்ரெட் சிப்ளிங்ஸ் லிஸ்ட்' கோப்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) எஸ்எம்டி (ஹைப்பர்த்ரெட்டிங்கின் பொதுப்பெயர்) கண்ட்ரோல் கோப்பில் 'ஆஃப்' எழுதினால் என்ப்ராக் 4 ஆகிவிடும். ரீபூட் செய்தால் மறுபடி 8.