மலையகத்திலிருந்து வெளிநாடு போறவங்களுக்கு: ‘லேன்’னா எந்த லேன்?

ஹட்டன், அடுத்த மாதம் ஒன்டாரியோ:
நாங்க கனடா போறோம், தங்கச்சி குடும்பம் இங்கிலாந்துக்கு. வாடகை விளம்பரம், ரோட்டுப் பலகை, லைசன் புத்தகம், எதைத் திறந்தாலும் ‘லேன்’. நமக்குத் தெரிஞ்சது கொழும்பு விலாசத்தில் வர்ற ஒழுங்கை மட்டும்தான். தெரிஞ்சவங்க விளக்கமா எழுதுங்க.

தலவாக்கலை, இப்போ லெஸ்டர்:
தங்கச்சிக்கு முதல்ல விலாசத்தைச் சொல்லிடுங்க. இங்கிலாந்தில் பேர்ல லேன் இருக்கிறதை வச்சு அகலத்தைக் கணிக்க முடியாது. லண்டன் பார்க் லேன் பல வரிசையா வாகனம் ஓடுற பெருந்தெரு. கிராமத்துச் சர்ச் லேன்ல எதிரே ஒரு கார் வந்தாலே ஒதுங்கணும். அதே ஊர்ல சர்ச் ரோடும் இருக்கலாம். கடைசிச் சொல்லை விட்டுட்டா பார்சல் வேற வீட்டுக்குப் போயிடும். லேன், ரோடு எதுன்னு எழுதி, தபால் குறியீட்டையும் முழுசாப் போடணும்.

கிராமத்து லேன்ல ஓட்டுறது எஸ்டேட் ரோட்டில் ஓட்டினவங்களுக்குப் பாதி தெரிஞ்ச வேலைதான். ஏறி வர்ற வண்டிக்கு முடிஞ்சவரை வழி விடணும். அங்கே நெடுஞ்சாலை விதிப் புத்தகமே அப்படித்தான் சொல்லுது. ஒரு கார் மட்டும் போகக்கூடிய ரோட்டில் இடைக்கிடை ஒதுங்கிடம் கட்டியிருப்பாங்க. அது உங்க இடப்பக்கம் இருந்தா உள்ளே போங்க. வலப்பக்கம் இருந்தா அதுக்கு நேரெதிரே உங்க பக்கத்திலேயே நின்னுடுங்க, எதிரே வர்றவர் அதுக்குள்ள இறங்கிப் போவார். வலப்பக்கம் பாய்ஞ்சா ரெண்டு பேரும் ஒரே ஒதுங்கிடத்தில் முகத்துக்கு முகம் நிப்பீங்க. ஒதுங்கிடத்தில் வண்டியைப் பார்க் பண்ணவே கூடாது.

வெள்ளை வட்டத்தில் கறுப்புச் சாய்கோடு போட்ட பலகை இருந்தா இந்த மாதிரி ரோட்டில் காருக்கு மணிக்கு 60 மைல் வரை அனுமதி. அது உச்ச வரம்பு மட்டும்தான். ரெண்டு பக்கமும் வேலிச்செடி உயரமா நிக்கும், வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டரோ குதிரையோ வரலாம். கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குள்ள நிறுத்தக்கூடிய வேகமே சரி. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கிற ராம்பொடைப் பழக்கத்தையும் கொஞ்சம் அடக்கணும். குடியிருப்புப் பகுதியில் இரவு 11.30 முதல் காலை 7 வரை ஓடுற வண்டியில் ஹார்ன் அடிக்கிறது சட்டப்படி தடை.

மோட்டார்வேயில்தான் நம்ம ஆளுங்க அதிகம் மாட்டுறாங்க. நம்ம ஹட்டன் ஏ7 ரோட்டில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. அந்தப் பழக்கத்தோட மூணு வரிசை மோட்டார்வேயில் ஏறினா, நடு லேன்தான் பத்திரம்னு தோணும். அது குற்றம். இடது லேன்தான் இயல்பான இடம். முந்தணும்னா வலப்பக்கம் போய், முந்தினதும் இடப்பக்கம் திரும்பி வந்துடணும். காரணமில்லாம நடுவில் ஒட்டிக்கிட்டே போனா 100 பவுண் அபராதமும் லைசன்ல 3 தண்டப் புள்ளியும் வரலாம். லேனுக்கு மேல சிவப்புப் பெருக்கல் குறி எரிஞ்சா அந்த லேன் மூடியிருக்கு, ரோடு காலியாத் தெரிஞ்சாலும் போகாதீங்க.

பஸ் லேன் பலகையில் நேரம் போட்டிருந்தா அந்த நேரத்துக்கு மட்டும் காருக்குத் தடை. நேரமே போடலைன்னா 24 மணி நேரமும் தடை. கேமரா பிடிக்கும், கடிதம் வீட்டுக்கு வரும், அதுல போட்டிருக்கிற சலுகை நாளுக்குள்ள கட்டினா அபராதம் பாதிதான்.

பதுளை, இப்போ டொரொன்டோ:
அண்ணே, மேலே சொன்னதை அப்படியே கனடாவுக்குக் கொண்டு வராதீங்க. இங்கே வலப்பக்க ஓட்டம், அதனால மெதுவாப் போற லேன் வலது ஓரம், முந்துறது இடப்பக்கம். மஞ்சள் கோடு எதிர்த் திசையைப் பிரிக்கும், வெள்ளைக் கோடு ஒரே திசையில் போறவங்களைப் பிரிக்கும். புது ஆள் முதல்ல மனசில் வைக்க வேண்டியது அந்த நிறம்தான்.

நடுவில் ரெண்டு பக்கமும் மஞ்சள் கோடு போட்ட ஒரு லேன் வரும். ரெண்டு திசைக்காரரும் இடப்பக்கம் திரும்ப மட்டும் அது. திரும்புற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நுழையணும். நெரிசலைத் தாண்ட அதுல ஓடினா எதிரே திரும்ப வர்றவர் மேல நேருக்கு நேர் மோதும்.

ஹைவேயில் வைரக் குறி போட்ட லேன் எச்.ஓ.வி., அதாவது ஆள் சேர்த்து ஏத்திப் போற வண்டிகளுக்கான லேன். காரில் குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கணும், கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். கோடு விட்டு விட்டு இருக்கிற இடத்தில் மட்டும் ஏறி இறங்கணும்.

டெஸ்டில் லேன் மாத்தச் சொன்னா வரிசை இது: உள் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, சிக்னல், தோளுக்கு மேல தலையைத் திருப்பி ஒரு பார்வை, அப்புறம் வேகம் குறையாம நகர்றது. அந்தத் தோள் பார்வையை விட்டுட்டுப் பெயிலாகிறவங்க நிறைய. தலை அசையுறது பரீட்சகருக்குத் தெரியணும், கண்ணை மட்டும் உருட்டினா போதாது.

வாடகை விளம்பரத்தில் ‘லேன்வே சூட்’ன்னா, வீட்டுக்குப் பின்னால பின்சந்தைப் பார்த்த மாதிரி கட்டின தனிச் சின்ன வீடு. டொரொன்டோவில் 2018ல முதல்ல அனுமதிச்சாங்க, வான்கூவரில் 2009லேயே. பார்க்கப் போனா கேளுங்க: பனியை யார் அள்ளுறது, குப்பைத் தொட்டி எந்தப் பக்கம் வைக்கிறது, தபால் எந்த இலக்கத்துக்கு வரும், ஹீட்டிங் பில் தனியா?

இன்னொன்னு. ஒன்டாரியோ விலாசத்தில் ‘ஃபிஃப்த் லைன்’னு வந்தா லயமும் இல்ல, லயத்துக் காம்பராவும் இல்ல. பழைய நில அளவைப்படி பேர் வச்ச நேர் ரோடு, சில இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். கடையில் ‘லைன்’னா வரிசை. லேனையும் லைனையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கோங்க.

நுவரெலியா, இப்போ மெல்பர்ன்:
இங்கே உச்சரிப்பே வேற, ஆஸ்திரேலியர் சொல்ற லேன் நம்ம காதில் லைன் மாதிரிதான் விழும். ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர் ‘லெஃப்ட் லைன்’னு சொன்னா லேனைத்தான் சொல்றார்.

லேன் முடியுற இடத்தில் ரெண்டு விதி. கோடு அழிஞ்சு ரெண்டு வரிசை ஒண்ணாச் சேர்ந்தா, யார் வண்டி முன்னால இருக்கோ அவருக்கு முதலிடம். விட்டு விட்டுப் போட்ட கோடு கடைசி வரை இருந்தா, அந்தக் கோட்டைத் தாண்டி வர்றவர்தான் வழி விடணும்.

நகர மையத்தில் டிராம் ஓடுற சில சந்திகளில் வலப்பக்கம் திரும்ப இடது லேன்ல இருந்து போகணும். வலது சிக்னல் போட்டு, பாதசாரிக் கடவையை அடைக்காம சந்தியின் எதிர் முனை வரை போய் இடது ஓரமா நில்லுங்க. நீங்க நுழையப் போற ரோட்டுக்குப் பச்சை விழுந்ததும் திரும்புங்க.

சிட்னியில் லேன் பலகையில் டி2, டி3ன்னா வண்டியில் ஓட்டுறவரோட சேர்த்துக் குறைஞ்சது ரெண்டு பேர், மூணு பேர் இருக்கணும். நீச்சல் குளத்தில் மெதுவா, நடுத்தரம், வேகம்னு லேனுக்குப் பலகை இருக்கும், அதுக்குள்ளேயும் இடப்பக்கமா நீந்தணும்.

தலவாக்கலை, இப்போ லெஸ்டர்:
வேலைத்தளத்தில் யாராவது ‘ஸ்டே இன் யுவர் லேன்’னு சொன்னா ரோட்டுக் கதை இல்ல, உன் வேலையைப் பாருன்னு அர்த்தம். மேலதிகாரிகிட்ட விளையாட்டுக்கும் சொல்லாதீங்க.