ஸ்டென்ட் வைத்த பிறகு அப்பாவுக்கு விடாத பயம்: சைக்காலஜிஸ்டிடம் போகலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு 61 வயது. நான்கு மாதத்துக்கு முன்னால் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தோம். எக்கோ நன்றாக இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ சோபாவை விட்டு எழுவதில்லை. விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு அதையே பார்க்கிறார். நாடித்துடிப்பு 90 தாண்டினால் முகம் வெளுத்துவிடுகிறது. மொட்டைமாடியில் அவர் வளர்த்த மல்லிச்செடிகளுக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று அம்மா சொன்னால் கோபம்தான் வருகிறது. மனநல சிகிச்சை உதவுமா?

மறுமொழி 1:
எனக்கு பைபாஸ் ஆகி மூன்று வருடம் ஆகிறதம்மா. தையல் போட்ட இடம் சுருக்கென்றால் போதும், கதை முடிந்தது என்று படுத்துவிடுவேன். என்னைப் பார்த்த சைக்காலஜிஸ்ட் "பயப்படாதீர்கள்" என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "மறுபடி அட்டாக் வரப்போகுது" என்பதை, "மறுபடி அட்டாக் வரப்போகுதுன்னு ஒரு எண்ணம் வந்திருக்கு" என்று மாற்றிச் சொல்லவைத்தார். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். பத்து நாள் சொன்னபின் பிடிபட்டது: எண்ணம் அது பாட்டுக்கு வரட்டும், நான் என் வேலையைப் பார்க்கலாம். அப்புறம், பயம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். பேத்தியைப் பள்ளியில் விடுவேன் என்றேன். முதல் வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் பள்ளி வாசல் வரை. பயத்தோடுதான் போனேன், ஆனால் போனேன்.

மறுமொழி 2 (உளவியலாளர்):
ஐயா சொல்வது 'ஆக்ட்' சிகிச்சையில் வரும் பயிற்சி. அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் உருவாக்கியது. வேண்டாத எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல் மனம் வளைந்துகொடுக்கப் பழக்குவது. இதயத்தையே இது சரிசெய்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இதற்கு நெருங்கிய 'சிபிடி' முறையை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) அமெரிக்காவில் அட்டாக் வந்த 2,481 பேரிடம் சோதித்தார்கள். 2003-இல் வெளியான முடிவுப்படி மனச்சோர்வு குறைந்தது. மறு அட்டாக்கும் மரணமும் குறையவில்லை. ஸ்வீடனின் உப்சாலாவில் 362 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஒரு வருடம் குழுவாக 20 அமர்வுகளில் அதே முறையைக் கொடுத்தபோது, மறுபடி வரும் இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 41% குறைந்தன (2011). முடிவுகள் இரண்டு விதமாக இருந்தாலும், உங்கள் அப்பாவின் நாட்கள் அவருக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதற்காகவே போகலாம் என்பேன்.

நடக்கும்போது துடிப்பு எவ்வளவு வரை போகலாம் என்று இதய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். ஆக்ஸிமீட்டரைப் பிடுங்காதீர்கள், காலையில் ஒருமுறை என்று பேசி முடிவுசெய்யுங்கள். புதிதாக நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத்திணறல் வந்தால் பயிற்சியெல்லாம் கிடையாது, உடனே 108. இடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு "மல்லி பூத்திருக்கா?" என்று கேட்டார். மாடிக்கு 22 படி. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்று ஏழாவது படி வரை ஏறி உட்கார்ந்தார். ஆக்ஸிமீட்டர் சட்டைப்பையிலேயே இருந்தது. சைக்காலஜிஸ்டிடம் வியாழக்கிழமை போகிறோம்.