மேலீவா, முகட்டு வகுத்தலா?

அனைவருக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான பைத்தான் பயிற்சியேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். 103 பேர் பட்டியல், பக்கத்துக்கு 25 பேர். வகுத்தால் ஈவு 4, மீதி 3. அந்த மூன்று பேருக்கும் ஒரு பக்கம் வேண்டுமே, ஆகப் பக்கங்கள் 5. நிரலில் (அ + ஆ - 1) // ஆ என்று எழுதிவிடுகிறோம் (அ 103, ஆ 25; // என்பது விடையைக் கீழே இருக்கும் முழு எண்ணுக்கு இறக்கும் பைத்தான் வகுத்தல் குறி). இப்படி மேலே இருக்கும் முழு எண்ணுக்கு ஏற்றி வகுப்பதை ஆங்கிலத்தில் 'சீலிங்' வகுத்தல் என்பார்கள். அதில் வருகிற 5-க்குத்தான் தமிழில் பெயர் இல்லை. குழுவில் வந்த யோசனைகளும் என் பதில்களும் கீழே.

> கணினியியலாளர் கென்னத் ஐவர்சன் 1962-இல் வைத்த 'சீலிங்' என்ற பெயர் வீட்டின் உட்கூரையைச் சொல்வது. 'முகட்டு வகுத்தல்' என்க.

ஐயா, முகடு நல்ல சொல்தான். ஆனால் புள்ளியியல் பாடத்தில் சராசரி, இடைநிலை, முகடு என்று அது முன்பே குடியேறிவிட்டது. ஒரே பிள்ளை இரண்டையும் படிக்கிறது.

> 'மிகை வகுத்தல்'?

குறை எண்ணில் இது நிற்காது. -7-ஐ 2-ஆல் வகுத்தால் -3.5, மேலே ஏற்றினால் -3. இதில் மிகை எங்கே? பதினொன்றில் படித்த சி++ இதே -3-ஐத் தருவது பின்னத்தை வெட்டிவிடுவதால். பைத்தானின் // தருவதோ -4. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டும் சொற்கள் நமக்கு வேண்டும்.

> இலங்கையில் எண்ணை முழுமையாக்குவதற்கு 'மட்டந்தட்டல்' இருக்கிறதே. 'மேல் மட்டந்தட்டல்' போதும்.

அங்கே அது பாடநூலில் ஊறிய சொல், மதிக்கிறேன். இங்கே மட்டம் தட்டுவது என்றால் ஒருவரைத் தாழ்த்திப் பேசுவது. வகுப்பில் ஆசிரியர் வாயைத் திறந்ததும் சிரிப்புதான் எழும்.

என் கட்சி மேலீவு. ஈ என்றால் கொடு. பங்கிட்டுக் கொடுப்பது ஈவு. தொடக்கப் பள்ளியிலேயே காதில் விழுந்த சொல், புதுவேர் தேட வேண்டாம். மேல் + ஈவு: தனிக்குறில் இல்லை, ஒற்று இரட்டாது, மேலீவு. இணையாக, கீழே இறக்கி வருவது கீழீவு. சி++ தருவது வெட்டீவு. -7, 2 என்ற கணக்கில் கீழீவு -4, மேலீவு -3 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். 'சீலிங்' என்றே விடலாம் என்பவர்களுக்கு: அந்தச் சொல் பிள்ளைக்கு மின்விசிறியைத்தான் நினைவூட்டும், கணக்கை அல்ல.

பெரும்பாலோர் 'சரி, போகட்டும்' என்றுவிட்டதால் ஏட்டில் மேலீவு போகிறது. இலங்கை நண்பர் இன்னும் ஏற்கவில்லை. அவர் சொல்லையும் சொல்லடைவில் சேர்க்கிறேன். முகட்டுக்காக வாதிட்ட ஐயா, முகடு என்ற சொல்லின் வேர் ஆய்வைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.