அரைப்பேர் போடுவது கொடுமையா, சித்திரவதையா?

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா):
மகள் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கிறாள். தேயிலைத் தோட்டத்து வாழ்க்கை பற்றிய கட்டுரையில், "கிலோ குறைந்தால் அம்மாவுக்கு அரைப்பேர் போடுவது சித்திரவதை" என்று எழுதினாள். அரைப்பேர் என்றால், பறித்த கொழுந்து குறைந்த நாளுக்கு அரைநாள் சம்பளம் மட்டும் பதிவது. ஆசிரியர் சித்திரவதையை வெட்டிவிட்டு "கொடுமை" என்று திருத்தியிருக்கிறார். எனக்கு மனசு ஆறவில்லை. நாள் முழுக்க மலையேறி, அட்டைக்கடி வாங்கி, சாக்குக்கும் ஈரத்துக்கும் தராசில் கழித்த பிறகு கையில் வருவது அரைநாள் சம்பளம். கொடுமை என்ற சொல் தேய்ந்துபோச்சுங்க. பஸ் பிந்தினாலும் "என்ன கொடுமை" என்கிறோம்.

பதுளை வாசகி:
அண்ணே, ஆசிரியர் திருத்தியது சரி. 'வதை' என்பதற்கே கொலை என்றுதான் மூலப்பொருள். ஒருவரைப் பிடித்துவைத்து வேண்டுமென்றே நோகடிப்பதுதான் சித்திரவதை. நம் இலங்கை அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதைத் தனிக் குற்றமாகவே ஆக்கியது. எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லைப் போட்டால், காவலில் கட்டித் தொங்கவிடப்பட்ட பிள்ளைக்கு எந்தச் சொல் மிஞ்சும்?

கொடுமையும் லேசுப்பட்ட சொல் இல்லை. அதன் வேரில் இருப்பது வளைவு. கொடுவாள் வளைந்த வாள். கொடுங்கோல் வளைந்த கோல். கொலைத்தொழில் செய்பவரைவிட, குடிகளை அலைக்கழித்து முறைகேடு செய்யும் வேந்தன் கொடியவன் என்கிறது 551ஆம் குறள். நேராக நிற்கவேண்டிய தராசு வளைகிறதே, அதைத்தான் கொடுமை என்கிறேன்.

கொழுந்துக்கூடை:
தங்கச்சி, வேர் எனக்குத் தெரியாது. வாயில் வழங்குவது தெரியும். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடித்துவிட்டுப் பொண்டாட்டியை அடிக்கிறவனைச் "சித்திரவதை பண்றான்" என்றுதான் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தைப் பார்த்தா சனங்கள் பேசுது?

பதுளை வாசகி:
அதை ஒத்துக்கொள்கிறேன். அடிபடுகிறவள் அப்படித்தான் சொல்லவேண்டும். ஆனால் 1948ஐ நினைத்துப் பாருங்கள். குடியுரிமைச் சட்டம் நம் தாத்தாமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. யாரையும் கட்டிவைத்து அடிக்கவில்லை, ஒரு தாளில் முடித்துவிட்டார்கள். அதைச் சித்திரவதை என்றால் ஒட்டவில்லை. கொடுமை என்று சொல்லும்போதுதான் செய்தவன் கை தெரிகிறது. அரைப்பேரும் அந்த வகைதான், தாளில் செய்வது.

கொழுந்துக்கூடை:
1948 பற்றிச் சொன்னது யோசிக்கவைக்குது. அந்த இடத்தில் நீங்க சொல்ற சொல்தான் பொருந்தும். ஆனால் தாளில் போட்ட அரைப்பேர் ராத்திரி உடம்பில்தானே வலிக்குது. அம்மா காலுக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் எழுதின சொல் அது. பிழை என்று சிவப்பு மையில் வெட்டினதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, ஏன் இப்படி எழுதினாய் என்று பிள்ளையிடம் கேட்டிருக்கலாம்.