பச்சைப் பளபளப்பு நீள்கால் ஈக்கள்: மூன்றும் ஒரே இனமா?

இலைமறைவு:
வணக்கம். தென்காசிப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் வாழை, மஞ்சள், சேம்பு இலைகளில் உட்காரும் பச்சைப் பளபளப்பு ஈக்களைப் படமெடுத்து வருகிறேன். உடல் நீளம் ஐந்தாறு மி.மீ. இருக்கும். என் கண்ணுக்கு மூன்று வகை தெரிகிறது. ஒன்று பச்சை, சிறகில் கறையே இல்லை. அடுத்தது நீலம் கலந்த பச்சை, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை. மூன்றாவது செம்பு நிறம், சிறகு தெளிவு. படத்தைப் பார்த்து இனம் சொல்லும் செயலியில் போட்டால் மூன்றுக்கும் காண்டிலோஸ்டைலஸ் என்றே சொல்கிறது. மூன்றும் ஒன்றுதானா? எந்த உறுப்பைப் பார்த்துப் பிரிப்பது? கையில் 10 மடங்கு லென்ஸும், மேக்ரோ கிளிப் மாட்டிய கைபேசியும் இருக்கின்றன.

நரம்புக்கோடு:
முதலில் நிறத்தை ஒதுக்கி வையுங்கள். இந்த ஈக்களின் பளபளப்பு சாயத்தால் வருவதல்ல. மேல்தோலின் நுண்ணடுக்குகளில் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. ஒளி விழும் கோணம் மாறினால் பச்சை நீலமாகும், செம்பாகும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து சில மணி நேரமே ஆன ஈ இன்னும் வெளிறியிருக்கும். அதன் சிறகுப் பட்டையும் மங்கலாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் முதல் வகையும் மூன்றாவதும் ஒரே இனமாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. முதல் வகைக்குள்ளேயே இரண்டு மூன்று இனங்கள் ஒளிந்திருக்கவும் அதே அளவு வாய்ப்பு உண்டு.

அடுத்து, செயலி சொல்லும் பெயர். காண்டிலோஸ்டைலஸ் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் பேரினம். ஆப்பிரிக்காவில் சில இனங்கள் உண்டு. லாங்கிகார்னிஸ் என்ற இனம் பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. இணையத்தில் பெயரோடு குவிந்து கிடக்கும் படங்கள் அமெரிக்கத் தோட்டங்களில் எடுத்தவை என்பதால், பட்டைச் சிறகு பச்சை ஈ எதைக் காட்டினாலும் செயலி அங்கேயே போய் நிற்கிறது. நம் பக்கம் முதலில் யோசிக்க வேண்டியவை கிரைசோசோமா, ஆம்ப்ளிப்சிலோபஸ், மெசோராகா முதலியவை.

பார்க்கும் வரிசை இது. தலையை முன்னாலிருந்து பாருங்கள்: இரு கண்களுக்கும் நடுவே உச்சி ஆழமாகக் குழிந்திருந்தால் சியாபோடினே துணைக்குடும்பம். பிறகு சிறகு. நடுவே ஓடும் எம் (M) நரம்பு, சிறகின் வெளிப்பாதியில் இரண்டாகக் கிளைக்கிறதா? முன்கிளை சட்டென்று வளைந்து மேலே உள்ள நரம்பை நோக்கி ஏறும். பின்கிளை மெலிதாக விளிம்புக்குப் போகும். பின்கிளையே இல்லாமல், எம் நரம்பு மெதுவாக வளைந்து போனால் மெசோராகா. பின்கிளை பல ஈக்களில் மிகவும் மங்கல். படத்தில் தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிறகுக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி இன்னொரு படம் எடுங்கள்.

கிளை உறுதியானால் உணர்கொம்பு. மூன்றாம் கணு நீண்ட முக்கோணமாகி, அரிஸ்டா என்ற இழை அதன் நுனியிலிருந்தே கிளம்பினால் கிரைசோசோமா பக்கம். கணு குட்டையாக இருந்து, இழை அதன் முதுகிலிருந்து கிளம்பினால் ஆம்ப்ளிப்சிலோபஸ் பக்கம். விதிவிலக்குகள் உண்டு. டேனியல் பிக்கல் 1994-இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய சியாபோடினே நூல், கீழைப் பகுதிப் (இந்தியா, தென்கிழக்கு ஆசியா) பேரினங்களையும் ஆராய்கிறது. பேரினம் பிரிக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சதுப்புநிலம்:
மேலே சொன்னது பேரினம் வரை. இனத்துக்கு இறங்க ஆண் வேண்டும். நீள்கால் ஈக்களின் குடும்பம் (டோலிகோபோடிடே) முழுக்க அப்படித்தான். ஆணின் வயிறு நீண்டு, நுனியில் இனப்பெருக்க உறுப்பு உள்ள ஒரு உறை முன்னோக்கி மடிந்து அடிவயிற்றோடு ஒட்டியிருக்கும். பெண்ணின் வயிறு குட்டை, நுனி கூர். முகமும் உதவும்: பெரும்பாலும் ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு அகலம்.

ஆண் என்றால் ஆறு காலையும் கணுக்கணுவாகப் பாருங்கள். பெண்ணைக் கவர ஆட்டிக் காட்டும் அலங்காரம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவின் டோலிகோபஸ் ப்ளூமிபெஸ் ஆணின் நடுக்காலில், பாதத்தின் முதல் கணுவில் இருபுறமும் கறுப்பு மயிர் இறகாக விரிந்திருக்கும். காம்ப்சிக்னெமஸ் இனங்கள் பலவற்றில் ஆணின் நடுக்கால் டிபியாவே (பாதத்துக்கு மேலே உள்ள கால் பகுதி) கோணலாக முறுகியிருக்கும். பொசிலோபோத்ரஸ் நோபிலிடேடஸ் ஆணுக்கு அந்த அடையாளம் சிறகில்: கருமை படர்ந்து, நுனி மட்டும் வெள்ளை. இவற்றின் பெண்களில் இந்த அலங்காரம் எதுவும் கிடையாது. அதனால்தான் தனிப் பெண்ணின் படத்தை வைத்து இனப்பெயர் சொன்னால் நான் ஏற்பதில்லை.

நம் ஈக்களில் பார்க்க வேண்டியவை: முன்கால், நடுக்கால் பாதக் கணுக்களில் எது தட்டையாக இருக்கிறது, எது கறுப்பு, எது வெள்ளி வெள்ளை, டிபியாவில் நீண்ட முள்மயிர் எந்தப் பக்கம், எத்தனை, பாதத்தின் முதல் கணு டிபியாவை விட நீளமா, குட்டையா. கணு நீளங்களை விகிதமாகக் குறித்துக்கொள்ளுங்கள். நெருங்கிய இனங்கள் பலமுறை அதில்தான் பிரிகின்றன.

ஒரே ஈயை நான்கு கோணத்தில் எடுங்கள்: நேர் பக்கவாட்டில் (கால்களும் வயிற்று நுனியும்), நேர் மேலிருந்து (சிறகு நரம்பு), முன்னாலிருந்து முகம், பிறகு உணர்கொம்பு நெருக்கமாக. காமிரா ஃபிளாஷை மேனுவலில் வையுங்கள். தானியங்கி முறையில் முன்கூட்டி வரும் சிறு மின்னலுக்கே ஈ பறந்துவிடும், படத்தில் வெறும் இலைதான் மிஞ்சும். பறந்தாலும் அசையாமல் காத்திருங்கள். பெரும்பாலும் அதே இலைக்கோ பக்கத்து இலைக்கோ திரும்பும்.

இலைமறைவு:
மிக்க நன்றி. பட்டைச் சிறகு ஈயின் ஆண் படம் ஒன்று இருக்கிறது. கால்களில் தனியாக எதுவும் தெரியவில்லை. அப்படியானால் வழியே இல்லையா?

கிளிசரால்:
இருக்கிறது, ஆனால் ஈயைப் பிடிக்க வேண்டும். கால் சாதாரணமாக உள்ள இனங்களைப் பிரிப்பது வயிற்று நுனி உறையில் உள்ள செர்கஸ், சர்ஸ்டைலஸ் என்ற இரண்டு பாகங்களின் வடிவம்தான்.

உங்கள் தோட்டத்தில் மஞ்சள் நிறக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து துளி விட்டு, இலைகளுக்கு அடியில் வைத்தால் போதும். வெயில் காலத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், அழுகிக் கால் கழன்றுவிடும். சரணாலயம், காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது.

பிடித்ததை 70 முதல் 75 சதவீத எத்தனாலில் போடுங்கள். 95 சதவீதம் டிஎன்ஏ வேலைக்கு நல்லது, ஆனால் உடல் விறைத்துக் கால்கள் பொட்டுப் பொட்டென்று ஒடியும். அலங்காரம் முழுக்கக் காலில் இருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. ஒரு குப்பிக்கு ஒரு ஈ. கால் ஒடிந்தாலும் யாருடையது என்று தெரியும். எத்தனாலில் நிறம் மாறித் தெரியும், முகத்திலும் மார்பிலும் உள்ள வெண்பொடிப் பூச்சு மறையும். ஆகவே போடுவதற்கு முன்பே நிறம், பூச்சு இரண்டையும் எழுதிவிடுங்கள். கூடவே இடம், தேதி, செடி.

வயிற்றின் கடைசிப் பகுதியை நுண் கத்தரியால் வெட்டி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வையுங்கள். வெந்நீர்க் குளியலில் 10 முதல் 20 நிமிடம், அல்லது அறை வெப்பத்தில் ஓர் இரவு. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கொதிக்க விடாதீர்கள், அதிக நேரமும் விடாதீர்கள்: செர்கஸ் நிறமிழந்து விளிம்பே தெரியாமல் போகும், முள்மயிர்கள் உதிரும். தசை கரைந்ததும் தண்ணீரில் அலசி, ஒரு துளி வினிகர் கலந்த நீரில் சில நிமிடம் வைத்து, குழிவான ஸ்லைடில் கிளிசராலுக்கு மாற்றுங்கள். இதற்கு 10 மடங்கு லென்ஸ் போதாது. 100 மடங்காவது தரும் மைக்ரோஸ்கோப் வேண்டும்.

எப்போதும் இடப்பக்கத் தோற்றத்தையே வரையுங்கள். இந்தக் குடும்பத்தின் விளக்கப்படங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். உறை கொஞ்சம் சாய்ந்தாலே செர்கஸின் இரு கிளைகள் ஒன்றாகத் தெரியும், வேறு இனம் என்று நினைத்துவிடுவோம். கிளிசராலில் ஒரு பருத்தி இழையை முட்டுக் கொடுத்தால் நேராக நிற்கும். வேலை முடிந்ததும் கிளிசரால் உள்ள நுண்குப்பியில் போட்டு, அதே ஈயோடு வையுங்கள்.

நரம்புக்கோடு:
ஒன்று சேர்க்கிறேன். டிஎன்ஏவுக்கு அனுப்புவதானால் பின்கால் ஒன்று மட்டும் கொடுங்கள், எப்போதும் வலப்பக்கம். முன்காலையும் நடுக்காலையும் தொட வேண்டாம். ஒப்பிட உங்கள் இனத்தின் டிஎன்ஏ வரிசை தரவுத்தளத்தில் இல்லாவிட்டால், கிடைப்பது பக்கத்து இனத்தின் பெயராகத்தான் இருக்கும். மிக நெருக்கமாகப் பொருந்தாத பெயரை அப்படியே எழுதிவிடாதீர்கள்.

அதுவரை பட்டைச் சிறகு ஈயைச் செயலியில் "சியாபோடினே" என்று மாற்றி வையுங்கள். உணர்கொம்பு தெரியும் படம் இருந்தால் இங்கே போடுங்கள், பேரினத்தைப் பார்த்துவிடலாம்.